எண்ணூருக்கு பக்கெட்டோட போன கதை

போன வாரம் ஒரு காலேஜ் தம்பி கேட்டிருந்தான்: "அண்ணா, வாலண்டியரிங் போயிட்டு வந்தா ரெண்டு நாள் செம ஹேப்பியா இருக்கு. மூணாவது நாள்ல இருந்து யாரைப் பார்த்தாலும் எரிச்சலா வருது. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லப்பா. எனக்கும் நடந்திருக்கு.

2017 ஜனவரி 28, சனிக்கிழமை விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. ஒண்ணு பி.டபிள்யூ. மேப்பிள், இன்னொண்ணு டான் காஞ்சிபுரம். கப்பல்ல இருந்து கசிந்த எண்ணெய் தெற்கே நகர்ந்து எர்ணாவூர் பக்கம் கரை ஒதுங்கியது. மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து அஞ்சு நாள்தான் ஆகியிருந்தது. டி.எம். கிருஷ்ணாவோட 'பொறம்போக்கு' பாட்டு வந்ததும் அதே மாசம்தான். எங்க வயசுப் பசங்க எல்லாருக்கும் "நாம போனா ஏதாவது மாறும்"னு ஒரு சூடு இருந்த நேரம். நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி விம்கோ நகர்ல இறங்கினோம், ஆறு பேர்.

கடல் அங்க நீலமா இல்லை. அரிப்பைத் தடுக்கக் கொட்டி வைத்த பாறைகளுக்கு நடுவுல கறுப்பா, கெட்டியா, களி மாதிரி ஏதோ அசைந்துகொண்டிருந்தது. கனமான எண்ணெய் அலையில அடிபட்டு தண்ணியோட கலந்தா வெறும் எண்ணெயா இருக்காது. தண்ணியை உள்ள இழுத்துக்கிட்டு அளவுல பல மடங்கு ஊதிடும். அதனால உறிஞ்சுற லாரிக்குழாய் அடைத்துக்கொண்டது. கடைசியில நின்னது பிளாஸ்டிக் பக்கெட்டும் மனுஷங்களும்தான். கடலோரக் காவல்படை, மாநகராட்சி ஆட்கள், மீனவர்கள், எங்களை மாதிரி மாணவர்கள் எல்லாரும் வரிசையா நின்னு பக்கெட்டை கைமாத்தி விட்டோம்.

முதல் நாள் சாயங்காலம் எனக்கு இருந்த போதையை எப்படிச் சொல்றது? உடம்பெல்லாம் வலி, ஆனா தூக்கமே வரல. பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி இதுக்கு 'வார்ம் க்ளோ'ன்னு பேர் வச்சிருக்கார். உதவி பண்றவனுக்கு உள்ளே ஒரு கதகதப்பு கிடைக்குது. யாருக்கு எவ்வளவு பலன் போனதுங்கிறதும் அந்தக் கதகதப்பும் வேற வேற கணக்கு. இதைத் தப்புன்னு நான் சொல்லல. அது இல்லன்னா அந்த ரயில்ல யாரும் ஏறியிருக்கவே மாட்டோம். அன்னைக்கு ராத்திரி கறுப்புக் கையோட எடுத்த போட்டோவை ஃபேஸ்புக்ல போட்டேன். லைக்ஸ் குவிஞ்சுது.

மூணாவது நாள்தான் அடி விழுந்தது. காலையில போனா, முந்தின நாள் நாங்க சுத்தம் பண்ண அதே பாறை மறுபடி கறுப்பா இருக்கு. ராத்திரி அலை திரும்பக் கொண்டுவந்து ஊற்றிவிட்டது. யார் மேலன்னு தெரியாம கோபம் வந்தது. டீக்கடை ஓரத்துல ஒரு மீன் விக்கிற அக்கா காலிக் கூடையோட உக்காந்திருந்தாங்க. நான் தேங்காய் எண்ணெய் தேய்த்து கையைக் கழுவிட்டிருந்தேன்.

"தம்பி, நீங்கல்லாம் வந்தது சந்தோசம்தான். ஆனா இந்த போட்டோ கீட்டோலாம் போடாதீங்கப்பா. அதப் பாத்துட்டு காசிமேட்டு மீனக்கூட ஒருத்தனும் வாங்க மாட்றான்."

அந்த வாரம் சென்னை முழுக்க மீன் வியாபாரம் படுத்ததுக்கு என் ஒரு போட்டோ காரணம் இல்லைதான். ஆனா அந்தக் குவியல்ல என்னோடதும் இருந்துச்சு. டெலீட் பண்ணேன். அதுக்கப்புறம் நான் போகல. காலேஜ்ல இன்டர்னல் டெஸ்ட்னு சொல்லிக்கிட்டேன். உண்மையில வெட்கம்.

பேரிடர் மனநலம் படிக்கிறவங்க ஒரு வரைபடம் போடுவாங்க. முதல்ல எல்லாரும் ஹீரோ ஆகுற கட்டம். அப்புறம் 'தேனிலவு' கட்டம்: உதவி குவியும், ஊரே ஒண்ணா நிக்கும். அதுக்கப்புறம் நீளமா ஒரு சரிவு. கேமரா போயிடும், கடன்காரன் வருவான், மனசு ஏமாந்து போகும். கடைசியில மெதுவா எழுந்து நிக்கிறது. இது பாதிக்கப்பட்ட ஊருக்காகப் போட்ட வரைபடம். ஆனா போய் உதவுறவனுக்கும் ஏறக்குறைய அதே கோடுதான் வருதுங்கிறது என் அனுபவம். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. சரிவு வரும்போது எங்களால ரயில் ஏறி வீட்டுக்குப் போயிட முடியும். அந்த அக்காவோட வீடு அங்கேயேதான் இருக்கு.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்துக்கு வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியது. மறுபடி மீனவர்கள் கையால அள்ளினாங்க. இந்த முறை மெட்ரோவிலேயே விம்கோ நகர் போனேன், கையில லேப்டாப். "நாம டெக்கி, பக்கெட் நம்ம வேலை இல்லை, டேட்டா தான்"னு ஒரு திமிர். நிவாரண மனுவுக்காக குடும்பங்களோட விவரத்தைத் திரட்ட ஒரு ஆன்லைன் ஃபார்ம் செஞ்சேன். அதுல 'படகுப் பதிவு எண்' கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்.

ரெண்டாம் நாள் ஒரு பாட்டி வரிசையில ஒரு மணி நேரம் நின்னு வந்தாங்க. படகு நம்பர் கேட்டேன்.

"படகுலாம் எனக்கு ஏதுப்பா. கழுத்தளவு தண்ணில நின்னு கையால எறா புடிக்கிறவ நானு."

எண்ணெய் படிஞ்ச சேத்துல கை விட்டுத்தான் அவங்க பிழைப்பே. அதிகமா இழந்தவங்க அவங்கதான், என் ஃபார்ம் அவங்களை உள்ளேயே விடல. முதல் நாள் எத்தனை பேர் அந்தக் கட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆபீஸ்ல இதுக்கு ஒரு டிக்கெட் போட்டு ரெண்டு நிமிஷத்துல மூடியிருப்பேன். இங்க, கட்டாயக் குறியை எடுத்துவிட்டு, தெருத்தெருவா போய் மறுபடி கேட்க நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் எனக்கு வார்ம் க்ளோ எல்லாம் வரல. சலிப்பா இருந்துச்சு, கால் வலிச்சுது. ஒருத்தர் "எழுதிட்டுப் போய் இன்னா பண்ணப் போற?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை, எழுதினேன்.

அதனால தம்பி, மூணாவது நாள் எரிச்சல் வருதுன்னா நீ கெட்டவன் ஆயிட்டன்னு அர்த்தம் இல்லை. பாதி களைப்பு. மீதிப் பாதி, நீ எதிர்பார்த்த நன்றியோ மாற்றமோ நீ நினைச்ச வேகத்துல வரலங்கிற கடுப்பு. களைப்புக்கு நல்லா சாப்பிடு, தூங்கு, ஒரு நாள் லீவு எடு. கடுப்புக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, அடுத்த முறை போகும்போது வேலையை நீ முடிவு பண்ணாம அங்க இருக்கறவங்ககிட்ட கேட்கறது. சில நேரம் "ஒண்ணும் வேணாம்பா, போய்ட்டு வா"ன்னு சொல்வாங்க. அப்போ கிளம்பணும். அது பக்கெட் தூக்குறதை விடக் கஷ்டமா இருக்கும்.

இப்போ மாசம் ஒரு ஞாயிறு போறேன். ஸ்கூல் ஸ்காலர்ஷிப் ஃபார்ம், ஆதார்ல பேர் மாத்துறது, பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான். போன தடவை அந்தப் பாட்டி வீட்டுல ஒரு பழைய போனைக் கொடுத்து "இதுல சத்தம் வரல, பாரு"ன்னாங்க. ஸ்பீக்கர்ல உப்புத்தண்ணி போயிருக்கு. என்னால சரி பண்ண முடியல. டீ போட்டுக் கொடுத்து, "இன்ஜினியர்னு சொன்னியே"ன்னு சிரிச்சாங்க.