திசைகாட்டி பொய் சொல்லும் ஊர்!

மேனேஜர் அனுப்பச் சொல்கிற கொட்டேஷனில் ஒரு சைபர் குறைகிறது. நீங்கள் கவனித்துவிட்டீர்கள். என்ன செய்வீர்கள்?

"சார்... அது வந்து..." என்று இழுப்பீர்கள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "ஒண்ணுமில்லே சார், சும்மாதான்" என்று சீட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள். மதியம் கேன்டீனில் மட்டும், "நான் அப்பவே நெனச்சேன்!" என்று வீரம் பேசுவீர்கள்.

ஆபீஸ் என்றால் போகட்டும். கம்பெனிக்கு நஷ்டம், மேனேஜருக்கு மெமோ. அதோடு முடிந்தது. அதே தயக்கம் ஒரு விமானத்தின் காக்பிட்டுக்குள் வந்தால்? வெளியே மேகம், கீழே ஆர்க்டிக் குன்று, கையில் இருப்பதோ இரண்டே நிமிஷம் என்றால்?

கனடாவின் வடகோடியில், இருபது வருட இடைவெளியில் இரண்டு விமானங்கள் விழுந்தன. இரண்டுமே ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன்னால். முதல் விமானத்தில், "தரை நெருங்குது, ஜாக்கிரதை" என்று கத்தக் கருவி இல்லை. இரண்டாவதில் கருவி இருந்தது. அதற்கு முன்பே சொல்ல ஒரு ஆளும் இருந்தார். ஆனாலும் விழுந்தது.

பதினாறு கிலோமீட்டர், முப்பது மணி நேரம்

முதல் கதை, 1991 அக்டோபர் 30.

எல்ஸ்மியர் தீவில் 'அலர்ட்' என்று ஒரு கனடா ராணுவ முகாம். வருடம் முழுக்க மனிதர்கள் தங்கியிருக்கும் இடங்களில் உலகத்திலேயே வடக்கே இருப்பது இதுதான். அங்கிருந்து வட துருவம் 817 கிலோமீட்டர். அக்டோபர் நடுவில் சூரியன் மறைந்தால் அடுத்த உதயம் பிப்ரவரி கடைசியில்! ஒரு 'குட்மார்னிங்' சொல்ல நாலரை மாசம் காத்திருக்க வேண்டும்.

இந்த முகாமுக்கு டீசல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைக்கு 'பாக்ஸ்டாப்' என்று பெயர். கிரீன்லாந்தில் இருந்த அமெரிக்காவின் தூலே விமானத்தளத்திலிருந்து ஹெர்குலிஸ் விமானங்கள் போய்ப் போய் வரும். அன்றைக்குப் போன 'பாக்ஸ்டாப் 22' விமானத்தில் டீசலோடு 18 பேர் இருந்தார்கள்.

முகாமை நெருங்கியாகிவிட்டது. கருவிகளைப் பார்த்து இறங்காமல், கண்பார்வையை நம்பி இறங்கினார்கள். பகலாக இருந்தால் பரவாயில்லை. சூரியனே இல்லாத பிரதேசத்தில், விமானத்துக்கும் விளக்குகளுக்கும் நடுவே நிலம் மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று யார் கண்டது? எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் ஒரு குன்று இருந்தது.

மோதலில் நால்வர் பலியானார்கள். மிச்சமிருந்தவர்கள் வால் பகுதியில் ஒண்டிக்கொண்டார்கள். விமானத்தில் வந்த டீசல் உடைகளை நனைத்திருந்தது. வெளியே மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. கூடவே பனிப்புயல். முதுகெலும்பு அடிபட்டவர்களை நகர்த்தவே முடியவில்லை.

முகாம் எவ்வளவு தூரத்தில் இருந்தது தெரியுமா? சுமார் 16 கிலோமீட்டர்! நம் டவுன் பஸ்ஸில், எல்லா ஸ்டாப்பிலும் நின்று போனால்கூட முக்கால் மணி நேரம்தான். ஆனால் ஆர்க்டிக்கில் கிலோமீட்டருக்கு அர்த்தமே வேறு. முகாமிலிருந்து கிளம்பியவர்களைப் புயலும் மேடுபள்ளமும் தடுத்தன. எட்மன்டனிலிருந்தும் ட்ரென்டனிலிருந்தும் தூலேயிலிருந்தும் மீட்புக் குழுக்கள் பறந்து வந்தன. வந்தாலும் இறங்க முடிய வேண்டுமே! கடைசியில், அந்தக் காற்றிலும் இருட்டிலும் மீட்பு வீரர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது விபத்து நடந்து முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பதின்மூன்று பேர் பிழைத்தார்கள். விமானத்தை ஓட்டிய கேப்டன் ஜான் கௌச் பிழைக்கவில்லை. மோதலில் தப்பித்து, மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவரை, உதவி வருவதற்குள் குளிர் கொண்டுபோய்விட்டது.

விசாரணையில், ஹெர்குலிஸ் விமானங்கள் எல்லாவற்றிலும் தரை நெருங்கும்போது எச்சரிக்கும் கருவியைப் பொருத்தச் சொன்னார்கள். நியாயமான சிபாரிசு. கருவி இருந்திருந்தால் கத்தியிருக்கும். கத்தியிருந்தால் மேலே ஏற்றியிருப்பார்கள்.

அப்படியென்றால், கருவி இருந்துவிட்டால் போதுமா?

பம்பரத்தை நம்பி ஒரு பயணம்

இரண்டாவது கதைக்குப் போகுமுன் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

கார்ன்வாலிஸ் தீவில் ரெசொல்யூட் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை இருநூறுகூட இல்லை. நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்திக்கே அதைவிடக் கூட்டம் வரும்! அங்கே வாழும் இனுயிட் மக்கள் அந்த ஊருக்கு வைத்திருக்கும் பெயருக்கு 'விடியல் இல்லாத இடம்' என்று அர்த்தம். சாலையில் போக முடியாது, ரயில் கிடையாது. வருடத்தின் பெரும்பகுதி கடல் உறைந்து கிடக்கும். விமானம்தான் எல்லாம்.

இந்த ஊரில் திசைகாட்டி பொய் சொல்லும். காந்த ஊசி வடக்கே காட்டும் என்று ஸ்கூலில் படித்தோம். உண்மையில் அது காட்டுவது பூமியின் காந்த வட துருவத்தை. ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்கிற பிரிட்டிஷ்காரர் 1831-ல் அதைக் கனடாவின் வடக்கே பூத்தியா தீபகற்பத்தில் கண்டுபிடித்தார். அது ஒரே இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கவில்லை. கனடாவின் வடதீவுகளிடையே ஊர்ந்து ஊர்ந்து, இப்போது சைபீரியா பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் அருகே போகப் போக, காந்த இழுப்பு பக்கவாட்டில் இல்லாமல் கிட்டத்தட்ட நேர் கீழ்நோக்கிப் போகும். ஊசிக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே புரியாது. முகவரி தெரியாத போஸ்ட்மேன் மாதிரி தடுமாறும்.

அதனால் அந்தப் பிரதேசத்தில் பைலட்டுகள் காந்தத்தை நம்புவதில்லை. 'கைரோ' என்ற கருவியை நம்புகிறார்கள். வேகமாகச் சுற்றும் பம்பரம் சட்டென்று சாயாமல் தன் நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அல்லவா, அதே தத்துவம். ஆரம்பத்தில் சரியான திசையைக் காட்டி வைத்துவிட்டால், கைரோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் மெல்ல மெல்ல விலகும். அவ்வப்போது சரிபார்த்துத் திருத்த வேண்டும். தவறாகத் திருத்தினால், அந்தத் தவறையே உண்மை என்று காட்டிக்கொண்டிருக்கும்!

ஒத்திகைக்கு வந்தவர்கள்

2011 ஆகஸ்ட் 20. யெல்லோநைஃபிலிருந்து ரெசொல்யூட்டுக்கு ஒரு போயிங் 737 கிளம்பியது. ஃபர்ஸ்ட் ஏர் நிறுவனத்தின் 6560 எண் விமானம். (அந்த நிறுவனம் 2019-ல் கனேடியன் நார்த் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.) பயணிகள் 11, ஊழியர்கள் 4. ஆக, 15 பேர்.

இறங்கத் தொடங்கும்போது திசையைத் திருத்தினார்கள். அதில் 8 டிகிரி பிசகு. ஓடுபாதையை நோக்கித் திரும்பிய கட்டத்தில் பிசகு 17 டிகிரி ஆகிவிட்டது. கடிகாரத்தில் மூன்று நிமிஷக் கோடுகளுக்கும் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான்!

அது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். ஓடுபாதையிலிருந்து ஒரு ரேடியோக் கற்றை வரும். அதைப் பிடித்துக்கொண்டால் ஆட்டோபைலட் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். பிடித்தும் இருந்தது. ஆனால் கேப்டனின் கை ஸ்டியரிங்கைத் தெரியாமல் அசைத்ததாலோ என்னவோ (விசாரணைக் குழுவின் ஊகம் அதுதான்), ஆட்டோபைலட் கற்றையை விட்டுவிட்டு, அப்போதைய திசையையே பிடித்துக்கொண்டது. இருவரும் இதைக் கவனிக்கவில்லை. விமானம் ஓடுபாதைக்கு வலது பக்கமாக விலகியது. வெளியே தாழ்ந்த மேகம். ஒன்றும் தெரியாது.

இப்போது கேப்டன் கண்ணில் படுவது என்ன? திசை காட்டும் கருவி, 'விமானம் ஓடுபாதைக் கோட்டை நோக்கித்தான் வளைந்துகொண்டிருக்கிறது' என்கிறது. அது 17 டிகிரி பொய் என்று அவருக்குத் தெரியாது. 'கொஞ்ச நேரத்தில் கோட்டுக்கு வந்துவிடும்' என்று அவர் நம்பினார்.

பக்கத்து சீட்டில் இருந்த துணை பைலட் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்தார். அது வேறு கதை சொன்னது. 'நாம் வலது பக்கம் விலகியிருக்கிறோம்.'

துணை பைலட் சும்மா இருக்கவில்லை, வாசகர்களே. சொன்னார். பாதை விலகியிருப்பதைப் பற்றிக் கடைசி சில நிமிஷங்களில் ஒரு டஜன் தடவைக்கும் மேல் பேசினார். இறங்குவதை விட்டு மேலே ஏறிவிடலாம் என்ற யோசனையையும் சொன்னார். எல்லாம் காக்பிட் டேப்பில் பதிவாகியிருந்தது. கேப்டன் பதில் சொன்னார், விவாதித்தார், இறங்குவதைத் தொடர்ந்தார்.

கடைசி விநாடிகளில் எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. கேப்டன் மேலே ஏற்ற ஆரம்பித்தார். அதற்குள் குன்று வந்துவிட்டது. காலை 11.42 வாக்கில் மோதியது. ஓடுபாதை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை!

இங்கேதான் விதியின் விளையாட்டு. அந்த நேரம் பார்த்து ரெசொல்யூட்டில் நூற்றுக்கணக்கான ராணுவத்தினர் முகாமிட்டிருந்தார்கள். 'நனூக்' என்ற வருடாந்தரப் பயிற்சி. அந்த வருடத்துப் பயிற்சியில் ஒரு பெரிய ஒத்திகையும் இருந்தது. என்ன ஒத்திகை? ஆர்க்டிக்கில் விமானம் விழுந்தால் எப்படி மீட்பது என்று! குன்றின் மேல் புகையைப் பார்த்தபோது, ஒத்திகையைத்தான் ஆரம்பித்துவிட்டார்களோ என்று சிலர் நினைத்தார்களாம்.

டாக்டர்களும் ஹெலிகாப்டர்களும் தயாராக இருந்தார்கள். 1991-ல் முப்பது மணி நேரம் காத்திருந்தார்கள். இங்கே உதவி பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் வந்துவிட்டது. மூன்று பேரைக் காப்பாற்ற முடிந்தது. அதில் ஒருத்தி ஏழு வயதுச் சிறுமி. மற்ற பன்னிரண்டு பேருக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை. இரண்டு பைலட்டுகளும் அதில் அடக்கம்.

நான்காவது படியில் 'சார்' கிடையாது

2014 மார்ச்சில் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிக்கை கொடுத்தது. அதில் கேப்டனை வில்லனாக்கவில்லை. துணை பைலட்டைக் கோழை என்றும் சொல்லவில்லை. ஒரே காக்பிட்டில் இருவரும் இரண்டு வெவ்வேறு படங்களை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்றது. வேலை தலைக்கு மேல் இருந்ததால் ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க நேரமில்லை. ஆலோசனை சொல்கிற இடத்திலிருந்து, கன்ட்ரோலையே கையில் வாங்குகிற இடத்துக்கு ஒரு துணை பைலட் எப்படிப் படிப்படியாக ஏறுவது என்பதற்குப் போதுமான பயிற்சி தரப்படவில்லை என்றது.

அந்தப் படிகள் என்ன? விமானத் துறையில் பல இடங்களில் சொல்லித்தரும் நான்கு படிகள் உண்டு. நம்ம பாஷையில் சொன்னால் இப்படி:

முதல் படி, கேள்வி: "சார், நாம சரியான லைன்லதானே இருக்கோம்?"

இரண்டாவது, தகவல்: "சார், வலது பக்கம் விலகியிருக்கோம்."

மூன்றாவது, எச்சரிக்கை: "கேப்டன், இப்படியே இறங்கினா மோதிடுவோம். உடனே மேலே ஏத்துங்க."

நான்காவது படியில் 'சார்' கிடையாது, 'கேப்டன்' கிடையாது: "கன்ட்ரோல் என்கிட்ட!" வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்மில் பலர் முதல் இரண்டு படிகளிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். பத்துத் தடவை சொன்னாலும் அதே தொனியில் சொன்னால், கேட்கிறவருக்கு அது ஒரு தடவை சொன்ன மாதிரிதான்.

இந்தப் பாடம் புதுசும் இல்லை. 1977-ல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்டுகள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். 'எதிரே இருக்கும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா' என்று அங்கேயும் ஃப்ளைட் இன்ஜினீயர் சந்தேகம் கேட்டார். கேப்டன் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு டேக்-ஆஃபைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகுதான், கீழே இருப்பவர் பேசவும் மேலே இருப்பவர் கேட்கவும் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று விமானத் துறை விழித்துக்கொண்டது.

கவனியுங்கள்... கேட்கவும்! பேசுவதற்குத் தைரியம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்பதற்கு அதைவிடத் தைரியம் வேண்டும். 'என் கருவி பொய் சொல்கிறதோ' என்று ஒரு விநாடி தன்னையே சந்தேகப்பட வேண்டும். அனுபவம் ஏற ஏற அது கஷ்டமாகிக்கொண்டே போகும்.

இன்றைக்கு நீங்கள் பக்கத்து சீட்டில் இருக்கலாம். நாளைக்கு பிரமோஷன் வரும், பெரிய சீட்டுக்குப் போவீர்கள், மூக்குக் கண்ணாடிகூட வரலாம். ஒருநாள் ஒரு ஜூனியர் வந்து, "சார்... அது வந்து..." என்று இழுப்பான்.

பேனாவைக் கீழே வையுங்கள். "சொல்லுப்பா" என்று கேளுங்கள். அவன் கையில் ஜி.பி.எஸ். இருக்கலாம்.