துத்தநாகத்தில் வார்த்த சினிமா கார்கள்

ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரின் எடை ஏறத்தாழ 1,500 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் 43-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் பருமன் 43 × 43 × 43, அதாவது 79,507 மடங்கு குறைந்துவிடும். எடையும் அதே கணக்கில் குறைந்தால் 19 கிராம்தான் மிஞ்ச வேண்டும். ஆனால் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய அந்தக் காரின் உலோக மாதிரியை எடுத்துப் பாருங்கள். அதைவிடப் பல மடங்கு கனக்கும். பிளாஸ்டிக் மாதிரிகளை ஒதுக்கிவிட்டு டை-காஸ்ட் கார்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்களைக் கேட்டால், முதலில் சொல்வது உள்ளங்கையில் உணரும் இந்தக் கனத்தைத்தான்.

கனம் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரணக் காரின் எஃகுத் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமன். அதை 43-ஆல் வகுத்தால் 0.019 மில்லிமீட்டர் வரும். அவ்வளவு மெல்லிய சுவரை அச்சில் வார்க்க முடியாது. மாதிரியின் சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். நிஜ அளவில் நினைத்தால் அது 43 மில்லிமீட்டர் தகடு, ராணுவக் கவச வண்டிக்குரிய தடிமன். இந்தத் தடிமன் கண்ணுக்குத் தெரியாதபடி ஜன்னல் விளிம்பையும் கூரைத் தூணையும் மட்டும் மெலிவாகச் செதுக்குவதில்தான் அச்சு செய்பவரின் திறமை இருக்கிறது. ஒரு மாதிரி நல்லதா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பதும் அந்தத் தூண்களைத்தான்.

இந்தக் கலையில் பெயர்பெற்ற ஊர்களில் ஒன்று ஆஹென். ஜெர்மனியின் மேற்குக் கோடியில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூடும் மூலையில் இருக்கிறது. டான்ஹாவுசன் என்னும் கடை அங்கிருந்துதான் மாதிரிக் கார் பிரியர்களுக்கு அஞ்சலில் சரக்கு அனுப்பிவந்தது. அந்தக் கடையோடு தொடர்புடைய லாங் குடும்பத்தைச் சேர்ந்த பால் குந்தர் லாங் 1990-இல் பால்ஸ் மாடல் ஆர்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மினிசாம்ப்ஸ் முத்திரை இன்று சேகரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். பந்தயக் கார்கள்தான் அவர்களுடைய பலம். மைக்கேல் ஷூமாக்கர் ஓட்டிய கார்களுக்குத் தனி வரிசையே உண்டு. கூடவே பாண்ட் படங்களின் கார்களையும் 1:43 அளவில் கொண்டுவந்தார்கள். வார்ப்பும் வண்ணமும் பெரும்பாலும் சீனாவில் நடந்தன.

சினிமா கார் பொம்மையாகிப் பெரும் வெற்றி கண்டது பிரிட்டனில். 'கோல்ட்ஃபிங்கர்' வெளியானது 1964. மறு ஆண்டே கோர்கி நிறுவனம் டிபி5 பொம்மையைக் கடைக்குக் கொண்டுவந்தது. படத்தில் வெள்ளி நிறமாக இருந்த கார், பொம்மையில் தங்க நிறமானது. வெள்ளி பூசினால் வண்ணமே பூசாத உலோகம்போலத் தெரியும் என்று அஞ்சினார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து குட்டி மனிதன் வெளியே பறப்பான். முன்னால் துப்பாக்கிகள் நீளும். பின்னால் குண்டு தாங்கும் தகடு எழும்பும். பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு பொருளுக்குள் இத்தனை ஸ்பிரிங்குகளையும் நெம்புகோல்களையும் அடக்கியதை இன்றைக்கும் பொறியியல் சாதனை என்றே சொல்வேன். கோர்கியின் தாய் நிறுவனமான மெட்டாயை நிறுவிய பிலிப் உல்மன், நாஜி ஆட்சிக்குத் தப்பி 1933-இல் இங்கிலாந்து வந்த நியூரம்பெர்க் பொம்மைத் தொழிலதிபர். ஜெர்மானியத் தகரப் பொம்மைகளின் கைத்திறன் இப்படித்தான் பிரிட்டனுக்குப் போய் பாண்ட் காராக மாறியது.

இந்தக் கார்களின் உடல் எல்லாம் ஒரே குடும்பத்து உலோகக் கலவை: ஸாமக். பெரும்பகுதி துத்தநாகம், 4 சதவீத அளவுக்கு அலுமினியம், மிகச் சிறிதளவு மக்னீசியம், சில வகைகளில் செம்பும் சேரும். சுமார் 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். உருகிய அலுமினியம் எஃகையும் அரிக்கும். சென்னையின் சுந்தரம் கிளேட்டன் போன்ற நிறுவனங்கள் வாகனங்களுக்கு அலுமினிய உறுப்புகளை வார்க்கும்போது, உருகிய உலோகத்தை ஒவ்வொரு முறையும் தனியாக முகந்து ஊற்றியே அழுத்த வேண்டியிருக்கிறது. துத்தநாகக் கலவைக்கு அந்தச் சிரமம் இல்லை. பம்பையே உருகிய உலோகத்துக்குள் அமிழ்த்திவைக்கலாம். பிஸ்டன் கீழே இறங்கியதும் கொக்குக் கழுத்துபோல் வளைந்த குழாய் வழியாக உலோகம் பாய்ந்து, கண்ணிமைப்பதற்குள் 'டை' எனப்படும் எஃகு அச்சை நிரப்பிவிடும். டை திறக்கும்; எஜெக்டர் பின்கள் வார்ப்பை வெளியே தள்ளும்; அடுத்த ஷாட்.

சுவாமிமலை ஸ்தபதி ஒரு நடராஜரை வார்த்தால், மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார். அந்த அச்சு அந்த ஒரு சிலைக்கு மட்டுமே. துத்தநாகம் வார்க்கும் எஃகு டையோ நன்றாகப் பராமரித்தால் பத்து லட்சம் ஷாட்டுகளையும் தாங்கும். அதனால்தான் மூன்று பாண்ட் ரசிகர்களுக்கு மூன்று நாடுகளில் ஒரே வளைவுள்ள கார் கிடைக்கிறது. டையைச் செய்கிறவர் சில கணக்குகளைத் தவறவிடக் கூடாது. ஆறும்போது உலோகம் சுமார் 0.6 சதவீதம் சுருங்கும். 4.57 மீட்டர் டிபி5-இன் 1:43 மாதிரி 106 மில்லிமீட்டர் நீளம் என்றால், டையை அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகவே நீளமாக வெட்ட வேண்டும். வார்ப்பு சிக்காமல் வெளியே வர, பக்கச் சுவர்கள் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். டையின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தாவிட்டால் நடுவே மெல்லிய பிசிறு நிற்கும். பட்டறைகளில் அதை ஃப்ளாஷ் என்கிறார்கள். காரின் மூக்கிலிருந்து வால்வரை ஓடும் ஒரு மங்கிய கோடு தெரிந்தால், அது சரியாக மெருகிடாத டைக் கோடு.

சேகரிப்பாளர்கள் வண்ணத்தையும் பெட்டியையும் பார்க்கும் அக்கறையோடு உலோகத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், துத்தநாகப் புழு என்று அழைக்கப்படும் நோய். பெயரில்தான் புழு, உண்மையில் அது ஓர் அரிப்பு. துத்தநாகத்தில் ஈயம் ஏறக்குறையக் கரைவதே இல்லை. கலவையில் ஈயம் கலந்திருந்தால், உலோகம் உறையும்போது அது படிகங்களுக்கு இடையிலான எல்லைகளில் ஒதுங்கும். பிறகு காற்றிலுள்ள ஈரம் அந்த எல்லைகள் வழியாகவே உள்ளே அரித்துக்கொண்டு போகும். அரிப்பில் உண்டாகும் பொருள் உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் வார்ப்பு வீங்கும், வளையும், வெடிக்கும், கடைசியில் தூளாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார்களும் மெர்க்லின் பொம்மை ரயில்களும் இப்படி ஏராளமாக அழிந்தன. தொழிற்சாலைகள் அன்று கிடைத்த மலிவான துத்தநாகத்தையும் பழைய உலோகக் கழிவையும் ஒன்றாக உருக்கியதன் விளைவு அது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தைக் கொண்டு 1929-இல் ஸாமக் கலவைகளை அறிமுகப்படுத்திய பிறகுதான் மீட்சி வந்தது. இன்றைய தர விதிப்படி வார்ப்பில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்து லட்சம் பங்கில் ஐம்பது பங்கு. ஒரு பழைய பாண்ட் கார் அறுபது ஆண்டு கழித்தும் கதவைத் திறந்து மூடுகிறது என்றால், அந்த ஐம்பது பங்கு எல்லையை யாரோ உலைக்கு முன்னால் நின்று காப்பாற்றியிருக்கிறார்கள்.

மினிசாம்ப்ஸ் பிறந்த ஆஹெனோ, வார்ப்புக்கும் துத்தநாகத்துக்கும் பழைய வீடு. நகரப் பேராலயத்தில் கி.பி. 800 வாக்கில் வார்த்த வெண்கலக் கதவுகள் இன்றும் இருக்கின்றன. ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வார்ப்புக்கென்றே ஆய்வு நிலையம் இருக்கிறது. பக்கத்து ஊர் ஷ்டோல்பெர்க், ஆஹெனிலிருந்து வெளியேறிய புராட்டஸ்டன்ட் பித்தளைத் தொழிலாளர்களால் செழித்தது. துத்தநாகத் தாது, செம்பு, கரித்தூள் மூன்றையும் மூடிய மூசையில் சூடாக்கிப் பித்தளை செய்தார்கள். துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. ஆஹெனுக்குத் தென்மேற்கே உள்ள கெல்மிஸில் பெரிய துத்தநாகச் சுரங்கம் இருந்தது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு பிரஷ்யாவும் நெதர்லாந்தும் அதை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மறுத்ததால், 1816-இல் சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டர் நிலம் இருவரும் சேர்ந்து நிர்வகிக்கும் நடுநிலைப் பகுதியானது. மொரெஸ்னே என்ற அந்தத் துண்டு நிலம் 1920-இல்தான் பெல்ஜியத்தோடு சேர்ந்தது. ஒரு சுரங்கத்துக்காக வரைபடத்திலேயே தனிக் கோடு விழுந்தது. சுரங்கம் ஓய்ந்துவிட்டாலும், துத்தநாகம் மிகுந்த அந்த மண்ணில் மட்டுமே தழைக்கும் மஞ்சள் வயோலாப் பூக்கள் இன்னும் பூக்கின்றன.

துத்தநாகத்தைத் தொழில் அளவில் முதலில் பிரித்தெடுத்த பெருமை ஐரோப்பாவுக்கு அல்ல, நம் நாட்டுக்கு. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து கரியால் பிரிக்கவோ ஏறத்தாழ 1,000 டிகிரி வேண்டும். ஆக உலோகம் பிறக்கும்போதே ஆவியாகத்தான் பிறக்கும். காற்றுப் பட்டால் எரிந்து வெள்ளைப் பொடியாகும். ராஜஸ்தானின் ஜாவரில் இடைக்காலக் கொல்லர்கள் கத்தரிக்காய் வடிவ மண்கலங்களில் தாதுவை அடைத்து, வாய் கீழ்நோக்க அடுக்கி, மேலே நெருப்பு மூட்டினார்கள். ஆவி கீழே இறங்கிக் குளிர்ந்த அறையில் துளியாகச் சேர்ந்தது. ஓர் உலையில் 36 கலங்கள். 1980-களில் நடந்த அகழாய்வில் அந்த உலைகள் கலங்களோடு அப்படியே கிடைத்தன.

நம் ஊர் சேகரிப்பாளர்களுக்கு ஒரு கவலை கூடுதல். துத்தநாக அரிப்பு வெப்பத்திலும் ஈரத்திலும் வேகமெடுக்கும். சென்னையும் தூத்துக்குடியும் இரண்டையும் தாராளமாகத் தருகின்றன. தூய கலவையில் வார்த்த காருக்குப் பயமில்லை. சந்தேகமுள்ள பழைய காரை மூடிய கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். அரிப்பு நிற்காது, மெதுவாகும். டயர்களையும் பாருங்கள். மென்மையான பிவிசி டயரிலிருந்து கசியும் எண்ணெய், தெளிந்த பிளாஸ்டிக் மேடையை உருக்கிக் காரை அதோடு ஒட்டவைத்துவிடும். சக்கரத்துக்கும் மேடைக்கும் நடுவே ஒரு சின்ன அட்டை போதும். ஆண்டுக்கு ஒருமுறை கதவையும் பானெட்டையும் மெல்லத் திறந்து பாருங்கள். போன ஆண்டு எளிதாகத் திறந்த கதவு இந்த ஆண்டு உரசினால், வண்ணத்துக்கு அடியில் உலோகம் வீங்கத் தொடங்கியிருக்கிறது. அந்தக் காரை மற்ற கார்களுக்கு முன்பாகப் படமெடுத்துப் பதிவுசெய்துவிடுங்கள்.