பஞ்சுத் தூசி நோயும் நமது கடமையும்

பருத்தி விளைவிப்போர், நூற்போர், நெய்வோர் ஆகிய மூவரும் ஒரே சரட்டில் கோத்த மணிகள் போன்றவர்கள். பருத்தி விலையின் ஏற்றத்தாழ்வு மூவரையும் தொடுவதை நம் அங்கத்தினர் நன்கறிவர். ஆனால் அதே பருத்தியோடு வயலிலிருந்து ஆலை வரை பயணம் செய்யும் நோய் ஒன்றும் உண்டு என்பதைப் பலர் அறியார். வைத்தியர்கள் அதனை ‘பிஸினோஸிஸ்’ என்பர். நாம் அதனைப் பஞ்சுத் தூசி நோய் எனலாம்.

தொழிலால் நோய் வரும் என்பது புதிய கருத்தன்று. இத்தாலி நாட்டு வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் ஒன்று வெளியிட்டார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, “நீர் என்ன தொழில் செய்கிறீர்?” என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தினார். சணல் நார் சிக்கெடுப்போர் தூசியால் ஓயாது இருமுவதையும் அந்நூலில் குறித்துள்ளார்.

பஞ்சுத் தூசி நோயைப் பொறுத்தவரை, அக்கேள்வியோடு இன்னொன்றும் தேவைப்பட்டது. அது, “எந்தக் கிழமையில் மூச்சு முட்டுகிறது?” என்பதாகும். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங், இக்கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொண்டே நோயைப் படிப்படியாக வகுத்தார். ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் மார்பு இறுகியது. செவ்வாயன்று அது தணிந்தது. இது முதல் நிலை. பிற கிழமைகளிலும் இறுக்கம் நீடிப்பது இரண்டாம் நிலை. மூச்சுத் திறனே நிலையாகக் குன்றிவிடுவது மூன்றாம் நிலை. நம் ஆலைகள் பலவற்றில் வார விடுமுறை ஆளுக்கொரு நாளாக மாறி வருவதால், திங்கள் என்று கேளாமல், “லீவுக்கு மறுநாள் எப்படி இருக்கிறது?” என்று கேட்பதே பொருந்தும்.

இவ்வாறு கேளாவிடில் நோய் எளிதில் மறைந்துவிடும். மார்பை எக்ஸ்ரே எடுத்தால் இந்நோய்க்கே உரிய தனி அடையாளம் எதுவும் தென்படாது. ஆகவே சாதாரண ஆஸ்துமா என்றோ, புகை பிடித்ததன் விளைவு என்றோ கருதப்படக்கூடும். புகைப்பழக்கம் நோயைக் கடுமையாக்கும் என்பது உண்மையே. ஆயினும் புகையாதவர்க்கும் இது வரும். வேலை தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் கருவியில் மூச்சை ஊதச் செய்து அளந்தால் குறைவு புலப்படும்.

இனி, காரணம் யாது? வெண்மையான பஞ்சு இழை மட்டும் காரணமன்று. காயைச் சூழ்ந்துள்ள சிற்றிலைகளும் சருகும் பொடிந்து பஞ்சோடு கலக்கின்றன. அவற்றின்மேல் வளரும் நுண்ணுயிர்களிடமிருந்து ‘எண்டோடாக்ஸின்’ என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. தூசியின் எடையைவிட இந்நச்சின் அளவோடுதான் மூச்சுக் குறைவு ஒத்துச் செல்கிறது என்பதை 1987-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனை ஒன்று காட்டியது. பொதிகளைப் பிரித்து அடிக்கும் புளோ ரூம், கார்டிங் ஆகிய பகுதிகளில் அபாயம் மிகுதி. நெசவறையில் அது குறைவு. அங்குள்ள தூசியில் சருகு குறைந்து, கஞ்சிப் பொருளே மிகுந்திருக்கும். இது கருதியே அமெரிக்க அரசு 1978-இல் விதித்த வரம்பில், ஒரு கன மீட்டர் காற்றில் நூற்புப் பகுதிக்கு 200 மைக்ரோகிராம் தூசியும், நெசவுக்கு 750 மைக்ரோகிராமும் அனுமதிக்கப்பட்டன.

எனவே தடுப்பு வேலை வயலிலேயே தொடங்க வேண்டும். நன்கு வெடித்த காய்களிலிருந்து, காலை வேளையில் சருகு சற்றே பதமாக இருக்கும்போது பறித்தால் அது நொறுங்கிப் பஞ்சில் ஒட்டாது. பறித்ததை உலர்த்தியே சேமிக்க வேண்டும். ஈரப் பருத்தியில் நுண்ணுயிர் பெருகும். மண்ணில் விழுந்ததையும் கறைபட்டதையும் தனியே வைத்தல் வேண்டும். இவற்றுக்குக் கூலியும் நேரமும் கூடுதலாகும். ஆதலால், சுத்தமான பருத்திக்கு விலையில் வித்தியாசம் தராத சங்கம், விவசாயியிடம் சுத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆலையில் செய்யத்தக்கவையும் கடினமானவையல்ல. கார்டிங் இயந்திரங்களை மூடி, தூசியை எழும் இடத்திலேயே காற்றுறிஞ்சியால் இழுத்துவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவதும், அழுத்தக் காற்றால் ஊதுவதும் படிந்த தூசியை மீண்டும் எழுப்பும். உறிஞ்சி எடுப்பதே முறை. மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்ணிய தூசியைப் போதிய அளவு தடுக்காது. தகுந்த முகமூடியும் இவ்வேற்பாடுகளுக்குத் துணையே ஒழிய, மாற்று ஆகாது.

இன்னொன்றையும் வற்புறுத்த விரும்புகிறோம். நோய்க் குறி கண்டவரைத் தூசியில்லாப் பகுதிக்கு மாற்ற வேண்டும். ஷாங்காய் நகரப் பருத்தி ஆலைத் தொழிலாளரை 1981 முதல் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், தூசியை விட்டு விலகியவர்களின் மூச்சுத் திறன் ஓரளவு தேறியது. ஆனால் மாற்றத்தால் கூலி குறையும் என்றால், மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒரு தொழிலாளி தம் மார்பு இறுக்கத்தை வெளியிடுவாரா? மறைக்கவே செய்வார். மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவரை மூன்றாம் நிலைக்கு அருகே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே கூலி குறையாமல் வேலை மாற்றித் தருவதே உண்மையான பரிசோதனைக்கு அடிப்படை.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்: சுத்தமான பருத்திக்கு விலை வித்தியாசம், தூசிப் பகுதியில் உள்ளோர்க்கு ஆண்டுதோறும் மூச்சுப் பரிசோதனை, கூலி குறையாத வேலை மாற்றம். பங்கு ஈவு பேசும் சபையில் மூச்சையும் பேசுவது நம் கடமையேயாகும்.