துணையும் மருந்தும்

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை முதலிய உறுப்புகளில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயாகும். இனப்பெருக்க வயதுடைய பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. மாதவிடாயின்போது தோன்றும் கடும் வலி இதன் முதன்மை அறிகுறி. அதனை இயல்பெனப் பொறுத்துக்கொள்வதால் நோயைக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆகின்றன.

மிகுந்த குருதிப்போக்கு சிலருக்குக் குருதிச்சோகையை உண்டாக்கும். பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இது குருதிச்சோகையைத் தடுக்க உதவும். திசு வளர்ச்சியை நிறுத்தாது. உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காய், எலுமிச்சை உண்டால் மிகும்.

மீன் எண்ணெய் மாத்திரைகள் வலியைக் குறைக்குமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. அவற்றிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு மீனிலேயே உண்டு. பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஆரம்பாக்கம் போன்ற ஊர்களில் மீன் அன்றாட உணவு. அங்கு விலையுயர்ந்த மாத்திரைகளை நாட வேண்டிய தேவை குறைவு.

ஊட்டச்சத்து துணையே, மருந்தன்று. வலி மாதந்தோறும் படிப்பையோ பணியையோ தடுக்குமாயின், ஆரம்பச் சுகாதார நிலையத்தை அணுகி, மகளிர் நல மருத்துவரின் ஆய்வுக்கு வழிகாட்டுதல் பெறுவதே முதற்கடமை.