பந்து மூட்டை கட்டிய பிறகு

சின்னக்கானல் பக்கம் ஜூனில் மழை பிடித்துவிட்டால் மைதானம் சேறாகிவிடும். எஸ்டேட் கிளப்புகள் பந்தை மூட்டை கட்டிவிடும். ஆனால் கிளப் இளைஞர்களுக்கு உண்மையான வேலை அப்போதுதான் இருக்கிறது.

மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் சேதி வெளியே வரவே பொழுது விடிந்துவிட்டது.

ஆகவே செல்போனை விட நடுவரின் விசிலே மேல்! எந்த லயத்தில் நடக்கமுடியாத பெரியவர், எங்கே கைக்குழந்தை என்ற பட்டியலை மே மாதமே எழுதி, லயத்துக்கு இரண்டு ஆட்டக்காரர்களைப் பொறுப்பாக்கலாம்.

மழையை அளக்க நேர்ச்சுவர் ஜாடியும் ஓர் அடி ஸ்கேலும் போதும். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் என்று கண்டால்தான் வானிலை இலாகா சிவப்பு எச்சரிக்கை விடும். ஓடை திடீரென்று கலங்கினாலோ, சுவரில் புது வெடிப்பு கண்டாலோ அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இருட்டுமுன் சனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்விட வேண்டும். அந்தப் பள்ளிக்கூடமே சரிவுக்கு அடியில் இருந்தால்? அதையும் வெயில் காலத்திலேயே பார்த்து, வேறு இடம் குறித்து வைக்கவேண்டும். விசாலமாக இருக்கிறதே என்று மைதானத்தில் மட்டும் கூட்டிவிடக்கூடாது; மலையில் சமதரை பெரும்பாலும் ஓடையை ஒட்டிய பள்ளத்தில்தான் வாய்க்கிறது.