வேலும் வெளியும்

ஈட்டி எறிதலில் பாரதத்தின் கீர்த்தியை உலகறியச் செய்தவர் நீரஜ் சோப்ரா. ஹரியானாவில் பானிப்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கந்த்ரா கிராமத்தில், 1997-ஆம் வருஷம் குடியானவர் குடும்பத்திலே பிறந்தவர். 2016-இல் போலந்தில் 86.48 மீட்டர் எறிந்து இளையோருக்கான உலக சாதனையை ஸ்தாபித்தார். 2021 ஆகஸ்டு 7-ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகிய பந்தயங்களில் இந்தியர் எவரும் அதற்கு முன் ஒலிம்பிக் தங்கம் பெற்றதில்லை. 2023-இல் புடாபெஸ்டில் உலக சாம்பியனானார். 2024-இல் பாரிஸில் பாகிஸ்தான் வீரர் அர்ஷத் நதீமுக்கு அடுத்தபடியாக வெள்ளி பெற்றார். 2025-இல் டோஹாவில் 90 மீட்டரையும் கடந்தார்.

இவ்வளவுக்கும் மூலம் யாது? உடற்பருமன் குறையட்டுமென்று பெரியோர் அவரைச் சிறுவயதில் பானிப்பட்டு நகருக்கு அனுப்பினர். அங்கே சிவாஜி மைதானத்தில் சிலர் ஈட்டி எறிவதைக் கண்டு, தாமும் கையிலெடுத்தார். அம்மைதானம் இல்லையேல் இச்சரித்திரமும் இல்லை.

இனி நமது கேளம்பாக்கத்தை நோக்குவோம். திருப்போரூர் முருகன் கைவேலைத் தொழும் சீமை இது. வண்டலூர்ச் சாலையிலே, மேலக்கோட்டையூரில், விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலுக்கும் குறைவில்லை, குருவுக்கும் குறைவில்லை. அடுக்கு மாளிகைகள் பெருகிவரும் இப்பிரதேசத்தில் வெளிக்குத்தான் பஞ்சம்.

ஈட்டியின் எடை 800 கிராம். அது கேட்கும் இடமோ பெரிது. ஓடிவரும் பாதை 30 மீட்டருக்குக் குறையலாகாது. 100 மீட்டர் தொலைவில் எறிவெளியின் அகலம் 50 மீட்டர். ஜனங்களின் பாதுகாப்புக்கு இடம் விட்டு அளந்தால் ஏறக்குறைய 2 ஏக்கர் வேண்டும். தெருவிலே பந்தாடலாம்; ஈட்டி எறியலாகுமோ?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்போர், சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக ஒப்படைக்க வேண்டுமென்பது விதி. விதி நன்றே. ஆனால் அவ்வெளிகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் நான்கு பெஞ்சுகள் போடலாமேயன்றி ஒரு மைதானம் அமைக்க இயலாது. அடுத்தடுத்த மனைப் பிரிவுகளின் பொதுவெளிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்படி, அனுமதி தரும்போதே அதிகாரிகள் வற்புறுத்த வேண்டும் என்பது நமது துணிபு. வீடு எழுந்தபின் வெளியைத் தேடுவது வீண் பிரயாசை.

பதக்கம் ஒருவனுக்கு; ஊருக்கு என்ன லாபம் என்பார் சிலர். அதே வெளியில் நமது பெண்மக்கள் ஓடுவார்கள், வாலிபர் சடுகுடு ஆடுவார்கள், முதியோர் காற்று வாங்குவார்கள். ஆகஸ்டு 15-ஆம் தேதி கூடும் கிராம சபைகளில், எஞ்சியுள்ள பொது நிலத்தை விளையாட்டு மைதானமெனப் பதிவு செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றும்படி தேச ஊழியர்களை வேண்டுகிறோம். டோக்கியோவில் எழுந்த ஜய கோஷத்தைக் கேட்டுக் களித்த நாம், அதற்கு விதையான மைதானத்தை நம் பிள்ளைகளுக்கு மறுத்தல் தர்மமாகாது.