கரைப்பான் கலந்த தண்ணீர் இதயத்தில் கிருமித்தொற்றை உண்டாக்குமா?

சந்தேகம்: இரும்புச் சாமான்களில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் ட்ரைகுளோரோஎத்திலீன் கரைப்பானால் இதய வால்வில் தொற்று வருமா?

நேரடியாக வராது. எண்டோகார்டைட்டிஸ் என்னும் இந்தத் தொற்று வர, முதலில் கிருமி ரத்தத்துக்குள் போக வேண்டும். ஈறு, தோல் புண், அழுக்கு ஊசி எல்லாம் அதற்கு வழி. பிறகு அது ஒட்டிக்கொள்ளப் பெரும்பாலும் பழுதான வால்வோ இதயத்தில் பிறவிக் குறையோ இடம் தருகிறது. கரைப்பானின் பெயர் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

சந்தேகம்: பிறவிக் குறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அமெரிக்காவின் டூசான் நகரில் 1981-ல் கிணறுகளில் இந்தக் கரைப்பான் இருப்பது தெரிந்து அவை மூடப்பட்டன. அந்தத் தண்ணீர் போன பகுதியில் இதயக் குறையுடன் பிறந்த குழந்தைகள் அதிகம் என்று 1990-ல் ஓர் ஆய்வு சொன்னது. எலிகளிடம் சோதித்தபோது ஓர் ஆய்வகத்துக்குக் குறை தெரிந்தது, வேறு ஆய்வகங்களுக்குத் தெரியவில்லை. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. இதை வைத்து, தொற்றுக்கும் கரைப்பானே காரணம் என்று எழுதுவது இரண்டு படிகளை ஒரே தாவலில் தாண்டுவது.

சந்தேகம்: நோய் எதிர்ப்பைக் குறைக்குமா?

இதன் ஆவியைச் சுவாசித்த எலிகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குச் சுலபமாகப் பலியானதாக 1986-லேயே ஆய்வு உண்டு. ஆனால் அது நுரையீரல் தொற்று.

சந்தேகம்: லெஜூன் படைமுகாமில் இருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைக்குமா?

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள அந்த முகாமில் 1953 முதல் 1987 வரை தண்ணீர் கெட்டுக் கிடந்தது. 1982 மே மாதம் எடுத்த ஒரு மாதிரியில் இந்தக் கரைப்பான் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய வரம்பு வெறும் 5. படைவீரர் துறை தானாகவே ஏற்றுக்கொள்ளும் நோய்கள் எட்டு. சிறுநீரகப் புற்றும் பார்க்கின்சன் நோயும் அதில் உண்டு, எண்டோகார்டைட்டிஸ் இல்லை. கேட்பவர் மருத்துவர் கருத்தோடு தனியாகத்தான் வாதாட வேண்டும்.

சந்தேகம்: காய்ச்சிக் குடித்தால் போதாதா?

கிருமிக்குச் சொல்லும் வைத்தியம் இதற்குப் பொருந்தாது. இது 87 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஜன்னல் சாத்திய சமையலறையில் பாத்திரத்தை விட்டு மூக்குக்குப் போகும், அவ்வளவுதான். வெந்நீர்க் குளியலிலும் இதே கதை. ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி பிடித்து நிறுத்தும்.

சந்தேகம்: பிறவி இதயக் குறை உள்ளவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பல்லை. அப்புறம், காரணம் தெரியாமல் நாள்கணக்கில் நீளும் காய்ச்சலை. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்த கல்ச்சர் எடுத்துவிட வேண்டும். மாத்திரை விழுங்கிய பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம்.